பட்டாப் பதிவேட்டில் தூண்டிப் பிழை: திருத்தும் முறையும் சோதிக்கும் முறையும்

காரைக்கால் பகுதி காவிரியின் கடைமடை. அரசலாறு, திருமலைராஜனாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு ஆகியவற்றின் நீர் இங்கே வயல்களுக்குப் பாய்ந்தபின் கடலை அடைகிறது. மேலே ஒரு மதகில் நேர்ந்த தவறு கீழே நாற்று வாடும்போதுதான் தெரியும் என்பதைக் கடைமடை உழவருக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நிலப் பதிவேட்டிலும் இதே நிலைமை உண்டு. தலைமையிடத்துக் கணிப்பொறியில் ஒரு சிறு கட்டளை பிழைபட்டால், அதன் விளைவு பல மாதங்கள் கழித்து, வெள்ள நிவாரணப் பட்டியலில் தம் பெயருக்கு எதிரே குறைந்த பரப்பைக் காணும் உழவரிடம் வந்து சேருகிறது. அத்தகைய கட்டளைகளில் ஒன்றான 'தூண்டி' என்பது யாது, அது எவ்வாறு பிழைபடும், பிழையைக் கண்டு திருத்திச் சோதிப்பது எங்ஙனம் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர்களும் அறிந்திருத்தல் அவசியம். கட்டளை எழுதுவோர் வேறு சிலர். ஆயினும் அதன் பயனையும் பாதகத்தையும் அனுபவிப்போர் நாமே.

பதிவேடு வந்த வழி

காரைக்கால் 1954 ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்திய நிர்வாகத்திற்கு மாறியது. பிரெஞ்சுக் காலத்துக் கடாஸ்தர் எண்ணை இன்றும் பழைய பத்திரங்களில் காணலாம். பேச்சில் நாம் குழி, மா, வேலி என்று கணக்கிடினும், பதிவேட்டில் பரப்பு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்றே குறிக்கப்படுகிறது. ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர். 100 சென்டியார் ஓர் ஆர். 100 ஆர் ஒரு ஹெக்டேர். ஆகவே ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டராகும். இக்கட்டுரையில் கணக்கு எளிதாகும் பொருட்டு யாவற்றையும் சதுர மீட்டரிலேயே கூறுவோம்.

நாடெங்கும் நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி 1988-89 இல் தொடங்கி, 2008 இல் தேசிய நிலப் பதிவேடுகள் நவீனமாக்கும் திட்டமாக விரிவடைந்தது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் நிலப் பதிவேடுகள் 'நிலமகள்' என்னும் கணிப்பொறி முறையில் அமைந்துள்ளன. கீழே கூறப்படும் பிழை எந்த ஒரு குறிப்பிட்ட முறையிலும் நேர்ந்ததாகக் கொள்ளலாகாது. எந்தப் பதிவேட்டிலும் நேரக்கூடியதை விளக்குவதற்காக அமைத்த கணக்கு இது. இதில் வரும் பட்டா எண்களும் கற்பனையே.

தூண்டி என்பது யாது?

இத்தகைய பதிவேடுகள் பெரும்பாலும் 'உறவுநிலைத் தரவுத்தளம்' என்னும் அமைப்பில் வைக்கப்படுகின்றன. செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான எண்களால் இணைக்கும் இம்முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970 இல் வகுத்தளித்தார். நம் பழைய கணக்குப் புத்தகங்களும் ஏறக்குறைய இவ்விதமே இருந்தன. ஒரு புத்தகத்தில் புல எண், உட்பிரிவு, பட்டா எண், பரப்பு. மற்றொன்றில் பட்டாதாரர் ஒவ்வொருவருக்கும் உள்ள மொத்தப் பரப்பு.

ஒன்றில் திருத்தம் செய்தால் மற்றதிலும் செய்ய வேண்டும். முற்காலத்தில் கணக்கர் இரு புத்தகங்களையும் திறந்து வைத்துக்கொண்டு இதனைச் செய்தார். கணிப்பொறியிலோ, "முதல் அட்டவணையில் மாற்றம் நேர்ந்த கணமே இரண்டாவது அட்டவணையைத் திருத்துக" என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். அவ்வாறு எழுதி வைத்த கட்டளையே தூண்டி. கணிப்பொறியாளர் இதனை டிரிக்கர் என்பர். எவரும் அழைக்காமலே தானாக எழுந்து வேலை செய்வது இதன் சிறப்பு. தவறாகச் செய்தாலும் அதை எவரும் நேரில் காண்பதில்லை. அதுவே இதன் ஆபத்து.

ஒரு பிழையின் கதை

ஓர் ஊரில் 118 ஆம் எண் பட்டாவிற்கு 23,000 சதுர மீட்டர், அதாவது 2 ஹெக்டேர் 30 ஆர் நிலம் உள்ளது எனக் கொள்வோம். அந்தப் பட்டாதாரர் 3,000, 2,500, 1,700 சதுர மீட்டர் கொண்ட மூன்று உட்பிரிவுகளை ஒரே பத்திரத்தில் 340 ஆம் எண் பட்டாதாரருக்கு விற்கிறார். விற்ற பரப்பு 7,200. வாங்கியவருக்கு முன்பு நிலம் இல்லை. அவர் பெயருக்கு மொத்தம் பூஜ்யம் என்று ஒரு வரி மட்டும் திறக்கப்பட்டுள்ளது. மாற்றம் முடிந்தபின் விற்றவருக்கு 15,800, வாங்கியவருக்கு 7,200 என்று இருத்தல் வேண்டும்.

ஆனால் பதிவேட்டிலோ விற்றவருக்கு 21,300 என்றும், வாங்கியவருக்கு 1,700 என்றும் நிற்கிறது. காரணம் என்ன?

மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற அமைப்பில், ஒரு கட்டளை எத்தனை வரிகளை மாற்றினாலும் தூண்டி ஒரு முறைதான் எழும். அப்போது நீங்கிய பழைய வரிகள் ஒரு பட்டியலாகவும், புகுந்த புதிய வரிகள் மற்றொரு பட்டியலாகவும் தூண்டியின் கையில் கொடுக்கப்படும். தூண்டியை எழுதியவர், பட்டியலில் எப்போதும் ஒரே வரிதான் இருக்கும் என்று எண்ணி ஒரு வரியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டார். மூன்று வரிகள் வந்தபோது 1,700 என்ற ஒன்று மட்டும் கழிக்கப்பட்டுக் கூட்டப்பட்டது. மற்ற இரண்டும் விடுபட்டன. எந்த வரி அகப்படும் என்பதற்கும் உறுதி கிடையாது. அவர் சோதித்தபோது ஓர் உட்பிரிவை மாற்றிப் பார்த்தார். கணக்குச் சரியாக வந்தது. அதனோடு நிறுத்திவிட்டார்.

இதனால் நேரும் நஷ்டத்தைப் பாருங்கள். 2 ஹெக்டேர் வரை உள்ளவரே சிறு விவசாயி. விற்றவர் உண்மையில் சிறு விவசாயி, பதிவேட்டின்படி அல்லர். வாங்கியவரின் நிலையோ இன்னும் மோசம். மத்திய அரசின் பேரிடர் நிவாரண நெறிகளில், 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்திற்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமுற்ற பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. அக்கணக்கில் 72 ஆர் நிலத்திற்கு 12,240 ரூபாய். 17 ஆர் நிலத்திற்கு 2,890 ரூபாய். ஒரு கட்டளையில் நேர்ந்த கவனக் குறைவு ஓர் உழவருக்கு 9,350 ரூபாய் இழப்பாகிறது.

ஊர்க் கூட்டுத்தொகை போதாது

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சரியான கணக்கில் 15,800-உம் 7,200-உம் சேர்ந்தால் 23,000. தவறான கணக்கில் 21,300-உம் 1,700-உம் சேர்ந்தாலும் அதே 23,000. ஒருவரிடம் குறைக்காமல் விட்டது மற்றவரிடம் கூட்டாமல் விட்டதற்குச் சமமாயிற்று. ஆகவே கிராமத்தின் மொத்தப் பரப்பை மட்டும் கூட்டிப் பார்த்து "கணக்கு நேர்" என்று கையெழுத்திடும் உத்தியோகஸ்தருக்கு இப்பிழை ஒருகாலும் புலப்படாது. பட்டா பட்டாவாக, அதன் உட்பிரிவுகளைக் கூட்டி, எழுதப்பட்ட மொத்தத்தோடு ஒப்பிட்டால்தான் புலப்படும். கணிப்பொறியிடமே அவ்வாறு கூட்டச் சொல்லி, ஒவ்வாத பட்டாக்களை மட்டும் பட்டியலிடச் செய்யலாம். மாதம் ஒரு முறை அப்பட்டியலை எடுப்பது வழக்கமாதல் வேண்டும்.

பழுது பார்க்கும் முறை

முதலாவது, பிழையைக் கண்ணால் காணாமல் கட்டளையில் கை வைக்கலாகாது. பதிவேட்டின் நகல் ஒன்றை எடுத்து, அதே மூன்று உட்பிரிவுகளையும் ஒரே கட்டளையால் மாற்றி, 1,700 என்ற தவறான விடை மீண்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மீண்டும் வரவழைக்க இயலாத பிழையைத் திருத்திவிட்டதாக ஒருவர் கூறினால், அது நம்பிக்கையேயன்றி நிரூபணம் ஆகாது.

இரண்டாவது, கட்டளையைத் திருத்துதல். நீங்கிய வரிகளைப் பட்டா எண் வாரியாகத் தொகுத்துக் கூட்டி, அந்தந்த மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். புகுந்த வரிகளையும் அவ்வாறே கூட்டிச் சேர்க்க வேண்டும். இங்கு ஒரு கண்ணி உண்டு. சிலர் தொகுத்துக் கூட்டாமல், மொத்த அட்டவணையைப் புகுந்த வரிகளோடு நேரடியாக இணைத்துத் திருத்துவர். பார்வைக்கு இது எல்லா வரிகளையும் கணக்கில் எடுப்பது போலவே தோன்றும். ஆயினும் மேற்கூறிய அமைப்பில், மொத்த அட்டவணையின் ஒரு வரிக்கு மூன்று வரிகள் பொருந்தினாலும் திருத்தம் ஒரு முறைதான் நிகழும். விடை மறுபடியும் தவறே. முதலில் கூட்டல், பிறகு இணைத்தல் என்னும் ஒழுங்கு மாறலாகாது.

ஆரக்கிள், போஸ்ட்கிரே எஸ்.க்யூ.எல். ஆகிய அமைப்புகளில் தூண்டி வரிதோறும் எழ வேண்டுமா, கட்டளைக்கு ஒரு முறை எழ வேண்டுமா என்பதை எழுதுவோரே தெரிந்தெடுக்கலாம். மை எஸ்.க்யூ.எல். அமைப்பில் வரிதோறும் எழுவதே உண்டு. ஆகவே ஓர் அமைப்பில் சரியாக இருந்த தூண்டியை மற்றோர் அமைப்பிற்குப் பெயர்க்கும்போது மீண்டும் முழுமையாகச் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, பலர் மறந்துவிடும் காரியம். கட்டளையைத் திருத்தியதனால் இனி வரும் மாற்றங்கள்தாம் சரியாகும். முன்பே தவறாக எழுதப்பட்ட மொத்தங்கள் தாமே மாறிவிடா. உடைந்த மதகைக் கட்டிவிட்டதால் அழுகிய நாற்று எழுந்து நிற்பதில்லை அல்லவா? ஒவ்வாத பட்டாக்களின் பட்டியலை எடுத்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே குறித்து, திருத்திய தேதியையும் எழுதி வைத்தபின்பே மொத்தங்களை மாற்ற வேண்டும். அப்பட்டியலில் உள்ள உழவர்களுக்கு அறிவிப்புச் செய்வதும், தவறான பரப்பின்பேரில் நிவாரணம் குறைந்தவர்களுக்கு அதனை ஈடு செய்வதும் பழுது பார்த்தலின் ஒரு பகுதியே.

வேறு சில பிழைகள்

முதற் பிழை: மாற்றத்தை மறத்தல். புதிய வரி சேரும்போதும் பழைய வரி நீங்கும்போதும் எழுமாறு தூண்டியை அமைத்துவிட்டு, உள்ள வரி திருத்தப்படும்போது எழுமாறு அமைக்காமல் விடுவதுண்டு. பட்டா மாற்றம் என்பது வரியைத் திருத்துவதே ஆகையால், அது முற்றிலும் கணக்கில் வராமல் போகும்.

இரண்டாம் பிழை: வெற்றிடம். அளவை முடியாத உட்பிரிவுக்குப் பரப்பு எழுதாமல் விடப்பட்டிருக்கும். கணிப்பொறிக்கு வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு. "பழைய பரப்பும் புதிய பரப்பும் வேறானால் திருத்துக" என்ற நிபந்தனையில் பழைய பரப்பு வெற்றிடமானால், விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. தூண்டி ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும். பின்னர் 3,200 என்று பரப்பை நிரப்பினாலும் மொத்தம் அசையாது. வெற்றிடத்தை வெளிப்படையாகக் கையாளும் சொற்களைக் கட்டளையில் எழுத வேண்டும்.

மூன்றாம் பிழை: தூண்டியைத் தாண்டிச் செல்லும் வழி. ஆயிரக்கணக்கான வரிகளை மொத்தமாக ஏற்றும் கட்டளை, சில அமைப்புகளில் தனியே கேட்டுக்கொண்டாலன்றித் தூண்டியை எழுப்புவதில்லை. வேகத்திற்காகத் தூண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, மீண்டும் இயக்க மறப்பதும் உண்டு.

இவை யாவும் சந்தடியின்றி நேரும் பிழைகள். இவற்றினும் உரக்கக் கூவும் பிழை மேலானது. ஆரக்கிள் அமைப்பில், மாறிக்கொண்டிருக்கும் அட்டவணையையே வரித் தூண்டி படிக்க முயன்றால் அமைப்பு மறுத்து வேலையை நிறுத்திவிடும். எழுதியவருக்கு அது தொல்லையே. ஆனால் உழவருக்கு நஷ்டமில்லை.

சோதிக்கும் முறை

சோதனைக்கு ஒரே விதி உண்டு: விடையை முதலில் காகிதத்தில் எழுதுக, பிறகு கணிப்பொறியைக் கேட்க. கணிப்பொறியின் விடையைப் பார்த்தபின் "சரியாகத்தான் இருக்கும்" என்று தலையசைப்பது சோதனை ஆகாது. பின்வருவன யாவும் சோதிக்கப்படல் வேண்டும்:

1. ஓர் உட்பிரிவு மாறுதல்.
2. மூன்று உட்பிரிவுகள் ஒரே கட்டளையில் மாறுதல்.
3. இருவர் விற்று ஒருவர் வாங்குதல்; ஒருவர் விற்று இருவர் வாங்குதல்.
4. ஒரு வரியையும் தொடாத கட்டளை. இதில் மொத்தம் எதுவும் மாறக் கூடாது.
5. வெற்றிடமாக இருந்த பரப்பு நிரப்பப்படுதல்.
6. பட்டா எண்ணும் பரப்பும் சேர்ந்தே மாறுதல். பழைய பட்டாவில் பழைய பரப்பைக் கழித்து, புதிய பட்டாவில் புதிய பரப்பைக் கூட்ட வேண்டும்.
7. மொத்த அட்டவணையில் இதுவரை வரியே இல்லாத புதிய பட்டாதாரர் வாங்குதல். கூட்டுவதற்கு வரி இல்லையேல், அதைத் தூண்டி திறந்துகொள்ள வேண்டும்.
8. இடையில் பிழை நேர்ந்து கட்டளை முறிதல். தூண்டியின் வேலையும் மூலக் கட்டளையும் ஒரே கட்டு. ஒன்று முறிந்தால் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

இச்சோதனைகளை நகலில் நடத்தி, ஒவ்வொன்றும் முடிந்தபின் செய்த மாற்றத்தை ரத்துச் செய்து, நகலைப் பழைய நிலைக்குக் கொணரலாம். சோதனைகளைக் கட்டளைகளாகவே எழுதிச் சேமித்து வைத்து, பின்னாளில் எவர் தூண்டியில் ஓர் எழுத்தை மாற்றினும் எட்டையும் மறுபடி நடத்த வேண்டும். இன்று திருத்திய பிழை நாளை வேறொருவர் கைபட்டு மீண்டும் நுழைவது உலக வழக்கம்.

இன்னொரு யோசனையும் கூறலாம். மொத்தப் பரப்பை எழுதி வைக்கத்தான் வேண்டுமா? கேட்கும்போதெல்லாம் உட்பிரிவுகளைக் கூட்டிச் சொல்லுமாறு கணிப்பொறியை அமைத்தால், ஒரு கிராமத்தின் பதிவேட்டிற்கு அது கண நேர வேலையே. இரண்டாவது புத்தகம் இல்லையேல், இரண்டு புத்தகங்கள் முரண்படுவதும் இல்லை. தூண்டி தேவைப்படாத இடத்தில் அதனை எழுதாமல் இருப்பதே சிறந்த பழுது பார்த்தலாகும்.

கணிப்பொறி சொன்னதாலேயே உண்மையாகுமா?

பிரிட்டனில் 1999 முதல் அஞ்சல் நிலையங்களில் 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அம்முறை இல்லாத பற்றாக்குறையைக் காட்டிற்று. "கணிப்பொறி தவறாது" என்று கொண்டு, 900-க்கும் மேற்பட்ட அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அம்முறையில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024 இல் தனிச் சட்டம் இயற்றி இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளின் தண்டனைகளை ரத்துச் செய்தனர். அங்கே நேர்ந்தது தூண்டிப் பிழை என்று கூறவில்லை. முறையீடு செய்தவரின் சொல்லைக் கேளாமல் பதிவேட்டை மட்டும் நம்பினால் எத்தனை குடும்பங்கள் பாழாகும் என்பதற்கு அது சான்று.

நாம் செய்யத்தக்கவை

கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன்களில் உள்ள உழவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும், குறிப்பாக வாங்கல், விற்றல், பாகப்பிரிவினை நடந்தபின், தம் பதிவேட்டு நகலைப் பெற்று, உட்பிரிவுப் பரப்புகளைத் தாமே கூட்டி, மொத்தத்தோடு ஒப்பிடல் நலம். ஒவ்வாமை கண்டால், பத்திர நகலையும் தாம் கூட்டிய கணக்கையும் இணைத்து எழுத்து மூலம் மனுச் செய்ய வேண்டும். வாயால் கூறிய முறையீடு வாயோடு போகும்.

ஊர்ப் பொறுப்பில் உள்ளோர் அதிகாரிகளிடம் நான்கு வினாக்களைக் கேட்கலாம். பட்டா வாரியான ஒப்பீடு கடைசியாக எப்போது நடந்தது? ஒவ்வாதவை எத்தனை? ஒரே பிழை பலரைப் பாதித்ததா, அவர்களுக்கு அறிவிப்புச் சென்றதா? திருத்திய பின் எந்தெந்தச் சோதனைகள் நடத்தப்பட்டன? இவற்றைக் கேட்பதற்குக் கட்டளை எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு

77 ஆம் பட்டாவில் 5,000, 4,200, 1,300 என மூன்று உட்பிரிவுகள், மொத்தம் 10,500. 90 ஆம் பட்டாவின் மொத்தம் 9,600. பின்னிரண்டு உட்பிரிவுகளும் ஒரே கட்டளையால் 90 ஆம் பட்டாவிற்கு மாறுகின்றன. சரியான விடை என்ன? தூண்டி ஒரு வரியை மட்டும் எடுத்தால் என்ன வரும்?

சரியான விடை 77-க்கு 5,000, 90-க்கு 15,100. 1,300 மட்டும் அகப்பட்டால் 9,200-உம் 10,900-உம். 4,200 மட்டும் அகப்பட்டால் 6,300-உம் 13,800-உம் வரும். மூன்றிலும் இருவரின் கூட்டுத்தொகை 20,100 தான். இக்கணக்கைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளைக் கொண்டு வீட்டில் போட்டுப் பார்த்து, அதே கையோடு உங்கள் பட்டாவின் உட்பிரிவுகளையும் கூட்டிப் பாருங்கள்.